பாரில் மதுவகைகளைச் சுவைத்து ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு விஸ்கியைத் தனியாகக் குடித்துவிட்டு வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு", "கொஞ்சம் காட்டம்", "ஸ்மூத்தா இறங்குச்சு" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அதே விஸ்கிக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து, இதை ஒரு தடவை அதை ஒரு தடவை என்று மாற்றி மாற்றி முகரச் சொல்லிப் பாருங்கள். "இதுல வெனிலா வாசனை தூக்கலா இருக்கு, அதுல அது இல்ல, காய்ஞ்ச புல்லு மாதிரி வருது" என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய மூக்கும் நாக்கும் மாறிவிடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

மதுவின் சுவையைக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: தனியாக ஒன்றைக் குடித்துக் கற்க முடியாது. இரண்டையோ மூன்றையோ அருகருகே வைக்க வேண்டும், அவற்றுக்குள் முடிந்தவரை ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். பாட்டில் பாட்டிலாக வாங்கி இதைச் செய்தால் செலவு கட்டுப்படியாகாது. பாரில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன பெக் போதும். அலமாரியில் இருக்கும் ஐம்பது பாட்டிலில் எந்த மூன்றை எடுப்பது, எடுத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரிய வேண்டும்.

1. அளவை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

இந்தக் கணக்கைப் பாருக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். 40% ஆல்கஹால் உள்ள மதுவில் 30 மி.லி. எடுத்தால் அதில் 12 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சுமார் 9.5 கிராம். பல நாடுகளில் 'ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க்' என்று கணக்கிடுவது ஏறத்தாழ இந்த அளவைத்தான். ஈரல் இதைக் கையாள சுமார் ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அந்த வேகத்தைக் காபியாலோ குளிர்ந்த நீராலோ கூட்ட முடியாது.

ஒரு அமர்வுக்கு மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 15 மி.லி. என்பது என் பரிந்துரை. மொத்தம் ஒன்றரை பெக். பார்டெண்டர் 15 மி.லி. ஊற்ற மாட்டார் என்றால் நண்பரோடு போய் 30 மி.லி. வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சில பார்களில் இதற்கென்றே 'ஃபிளைட்' என்று மூன்று நான்கு வகைகளைச் சிறு அளவில் தட்டில் வைத்துத் தருவார்கள்; இருந்தால் அதுவே வசதி. நான்காவது கிளாஸ் வேண்டாம் என்பதற்கு உடல்நலம் மட்டும் காரணமில்லை. அதற்குள் மூக்கு களைத்துவிடும், போதையும் லேசாக ஏறியிருக்கும், எல்லாமே அருமையாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. கர்ப்பிணிகள், ஆல்கஹாலோடு சேராத மருந்து எடுப்பவர்கள், சட்டம் சொல்லும் வயது நிரம்பாதவர்கள், விட்டு மீண்டவர்கள் ஆகியோருக்கு இது உரியதல்ல. மற்றவர்களும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் மது ரத்தத்தில் வேகமாக ஏறும்.

விழுங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பல மதுக்களைக் கலந்து ஒரே சுவைக்குக் கொண்டுவரும் 'மாஸ்டர் பிளெண்டர்'கள் வேலை நேரத்தில் பெரும்பாலும் மூக்கால்தான் முடிவெடுக்கிறார்கள். காலி கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கி, சுவைத்ததை அதில் துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

2. எந்த பார், எந்த நேரம்

பார் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் சிறந்தது. கூட்டம் இருக்காது, சமையலறைப் புகை இன்னும் பரவியிருக்காது, பார்டெண்டருக்கும் பேச நேரம் இருக்கும். உங்கள் பக்கத்திலும் கவனம் தேவை: சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், புதினா மிட்டாய் போடாதீர்கள், கையில் சானிட்டைசர் தடவிவிட்டு கிளாஸைத் தொடாதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்று போகவே வேண்டாம். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வாசனைதான். மூக்கு அடைத்திருந்தால் எரிச்சலும் இனிப்பு, கசப்பு போன்ற அடிப்படைச் சுவைகளும் தவிர வேறெதுவும் தெரியாது.

அலமாரியில் பாட்டில்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று பாருங்கள். அடியில் இரண்டு விரற்கடை மட்டும் மிஞ்சியிருக்கும் பாட்டிலில் மீதி இடமெல்லாம் காற்று. பல மாதம் அப்படியே நின்றால் மேல்வாசனை போய் மது சப்பென்று ஆகிவிடும். "இதைத் திறந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்பதில் தப்பில்லை. புதிதாகத் திறந்ததையும் அடிமட்டத்துக்கு வந்ததையும் ஒப்பிட்டுவிட்டு, இது நல்லது அது மோசம் என்று தீர்ப்புச் சொல்வது அந்த மதுவுக்குச் செய்யும் அநியாயம்.

3. பார்டெண்டரிடம் என்ன கேட்பது

இப்படிக் கேளுங்கள்: "மூணும் ராவா, ஐஸ் வேண்டாம், தனித்தனி கிளாஸ்ல. ஐஸ் போடாத தண்ணி ஒரு கிளாஸ், ஒரு ஸ்ட்ரா, ஒரு காலி கிளாஸ். பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க." இவ்வளவு தெளிவாகக் கேட்கும் வாடிக்கையாளரைப் பெரும்பாலான பார்டெண்டர்களுக்குப் பிடிக்கும். உங்கள் ஆர்வம் தெரிந்ததும் அவர்களே அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள்.

கிளாஸ் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். அடி அகன்று வாய் குறுகியது வேண்டும். விஸ்கிக்கென்றே 2001-இல் வந்த கிளென்கேர்ன் கிளாஸ் இப்போது பல பார்களில் உண்டு. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகன்ற வாயுள்ள டம்ளரில் வாசனை கலைந்து போய்விடும். பெரிய வயிறு கொண்ட பிராந்தி கிளாஸில் ஆல்கஹால் ஆவி சேர்ந்து நின்று மூக்கைத் தாக்கும். மூன்றும் ஒரே வடிவமாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்று டம்ளரிலும் மற்றொன்று குறுகிய கிளாஸிலும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது கிளாஸைத்தான்.

ஊற்றுவதற்கு முன் காலி கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஈரத் துணி வாடையோ சோப்பு வாடையோ வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஊற்றிய பிறகு ஒவ்வொன்றின் கீழும் ஒரு காகிதத் துண்டு வைத்து 1, 2, 3 என்று எழுதுங்கள். பத்து நிமிடம் மாற்றி மாற்றி எடுத்தால் எது எதுவென்று நிச்சயம் குழம்பும்.

லேபிளில் மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, ஆல்கஹால் அளவு. அமெரிக்க பாட்டிலில் 'புரூஃப்' என்று இருந்தால் அதில் பாதிதான் சதவீதம். 100 புரூஃப் என்றால் 50%. இரண்டு, வயது. ஸ்காட்ச் பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால் அதில் கலந்திருப்பவற்றில் மிக இளையதற்கு வயது 12 என்று பொருள். மூன்று, எந்த வகை என்பது. மற்றதெல்லாம் விளம்பரம்.

4. எதை எதோடு வைப்பது

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். ஒரு வோட்கா, ஒரு ரம், ஒரு பிராந்தி என்று கலந்து கட்டி வைத்தால் மூன்றும் வேறு வேறு என்று தெரியும், ஏன் வேறு என்பது தெரியாது. மூலப்பொருள், நொதித்தல், வடித்தல், பீப்பாய், ஆல்கஹால் அளவு என எல்லாமே ஒரே நேரத்தில் மாறியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த ஒன்றின் குரல் தனியாகக் கேட்கும்.

முதல் பாடத்துக்கு நான் சொல்வது டெக்கிலா. ஒரே தயாரிப்பாளரின் பிளாங்கோ, ரெப்போசாடோ, அன்யேஹோ மூன்றையும் கேளுங்கள். மூன்றும் மெக்சிகோவில் விளையும் நீல அகாவே செடியிலிருந்து, அதே ஆலையில் வடித்தவை. பிளாங்கோ ஏறத்தாழ வடித்த கையோடு பாட்டிலுக்கு வருவது. ரெப்போசாடோ குறைந்தது 2 மாதம் ஓக் மரத்தில் தங்கியது. அன்யேஹோ குறைந்தது 1 வருடம். ஆக மூன்றையும் பிரிப்பது மரத்தோடு இருந்த காலம் மட்டுமே. பிளாங்கோவை முகர்ந்தால் பச்சைத்தண்டை ஒடித்தது போன்ற வாசனை, மிளகு நெடி, எலுமிச்சைத் தோல். ரெப்போசாடோவில் அந்தப் பச்சை வாசனை பின்னால் தள்ளி நிற்கும், தேன் போன்ற இனிப்பு முன்னால் வரும். அன்யேஹோவில் வெனிலா, பட்டை, கருகிய சர்க்கரை. இப்போது மறுபடி பிளாங்கோவுக்குப் போங்கள். முதலில் காட்டமாகத் தெரிந்தது இப்போது கூர்மையாக, உயிரோட்டமாகத் தெரியும். மரம் எதைக் கொடுக்கிறது, எதை மூடுகிறது என்பதை இந்த ஒரு சுற்று காட்டிவிடும். வேறு எந்த மூன்றும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தருவதில்லை.

ஒரு எச்சரிக்கை: லேபிளில் '100% அகாவே' என்று இருப்பதையே எடுங்கள். இல்லாவிட்டால் அதில் அகாவேயின் சர்க்கரை 51% இருந்தாலே போதும், மீதி வேறு சர்க்கரையாக இருக்கலாம். முதிர்த்த டெக்கிலாவில் நிறமோ இனிப்போ மணமோ சிறிதளவு சேர்க்கவும் விதி இடம் தருகிறது. அதனால் வெனிலா சந்தேகப்படும்படி தூக்கலாக இருந்தால் அது முழுவதும் மரத்தின் வேலை என்று எண்ண வேண்டாம்.

பிளாங்கோவுக்குப் பக்கத்தில், அகாவேயிலிருந்தே வரும் இன்னொரு மதுவான மெஸ்காலை வைத்தால் அது வேறொரு பாடம். மெஸ்காலுக்கு அகாவேயின் நடுத்தண்டை மண்ணில் குழி வெட்டி, சூடேற்றிய கற்களின் மேல் போட்டு மூடிச் சுடுவார்கள். டெக்கிலாவுக்கு அடுப்பில் ஆவியில் வேகவைப்பதே வழக்கம். அந்தக் குழியின் புகைதான் கிளாஸில் நீங்கள் முகர்வது.

விஸ்கியில் தொடங்க விரும்பினால் போர்பனையும் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டையும் வையுங்கள். போர்பனில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். சிங்கிள் மால்ட் முழுக்க முளைகட்டிய பார்லி, ஒரே ஆலையில் செம்புப் பானைகளில் வடித்தது, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தது. ஸ்காட்லாந்துக்குப் போகும் பீப்பாய்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே போர்பன் இருந்தவை. புதிய மரத்தின் வெனிலாவும் தேங்காய்ச் சாயலும் போர்பனில் கொட்டிக் கிடப்பதற்கும், ஸ்காட்சில் அது அடங்கித் தானிய வாசனைக்கு இடம் விடுவதற்கும் இதுவே காரணம். இதில் தானியம், மரம் என்று இரண்டு மாறுகிறது, அதனால் கறாரான ஒப்பீடு அல்ல. ஆனாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரிவதால் புதியவர்களுக்குத் தைரியம் தரும்.

புகையை மட்டும் தனியே பார்க்க வேண்டுமா? பீட் என்னும் கரியாகாத சதுப்புநில மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்தினால் புகைவாசனை மதுவில் தங்கிவிடும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு இதற்குப் பெயர் போனது. ஒரே ஆலை பீட் போட்டும் போடாமலும் செய்யும் இரண்டு விஸ்கிகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். பீட் அளவைச் சொல்ல 'பிபிஎம்' (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற கணக்கு ஒன்று உண்டு. ஆனால் அது வழக்கமாக உலர்த்திய பார்லியில் எடுக்கும் அளவு. வடிக்கும்போதும் முதிரும்போதும் கணிசமாகக் குறையும். அந்த எண்ணை வைத்துக் கிளாஸில் வரும் புகையைக் கணிக்க வேண்டாம்.

ரம்மில் ஒப்பிட வேண்டியது மூலப்பொருளை. உலகின் பெரும்பாலான ரம் மொலாசஸில் இருந்து, அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகில் இருந்து வருகிறது. 1996-இல் தனக்கென்று பூர்விகப் பெயர் உரிமை பெற்ற மார்ட்டினிக் தீவின் 'ரம் அக்ரிகோல்' பிழிந்த கரும்புச்சாற்றிலிருந்தே வருவது. முதிராத வெள்ளை வகைகளில் இரண்டையும் எடுங்கள். ஒன்றில் பாகு, மற்றொன்றில் அப்போது வெட்டிய கரும்பின் பச்சை. மூன்றாவதாக ஜமைக்காவின் பானை வடிப்பு ரம் வைத்தால் நீண்ட நாள் நொதித்த ஊறலின் விளைவு தெரியும்: கனிந்து கறுத்த வாழைப்பழம், அன்னாசி, கொஞ்சம் பெயின்ட் நெடி. முதல் முறை முகம் சுளிக்க வைக்கும், பிறகு அதைத் தேடிப் போவோர் உண்டு. நான் அந்தக் கட்சி.

திராட்சையிலிருந்து வரும் பிராந்திகளான காக்னாக்கும் ஆர்மன்யாக்கும் பிரான்சின் தென்மேற்கைச் சேர்ந்தவை. காக்னாக் செம்புப் பானையில் இரண்டு முறை வடிப்பது; ஆர்மன்யாக் பெரும்பாலும் தூண் போன்ற கருவியில் ஒரே ஓட்டமாக வடிப்பது. முன்னது மெருகேறி வரும், பின்னது கொஞ்சம் முரடாக, உலர்ந்த பழம் நிறைந்து வரும். வயதுப் பெயர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்: காக்னாக்கில் விஎஸ் குறைந்தது 2 வருடம், விஎஸ்ஓபி 4, எக்ஸ்ஓ 10. எக்ஸ்ஓ-வுக்கு முன்பு 6 வருடமே போதும், 2018-இல்தான் கூட்டினார்கள்.

வோட்காவும் ஜின்னும் வைப்பது எளிய பாடம். ஜின்னின் அடித்தளம் ஏறத்தாழ வோட்கா போன்ற நடுநிலை மதுதான். அதில் ஜூனிபர் காயும் கொத்தமல்லி விதை போன்றவையும் சேர்கின்றன. வோட்காவை முகர்ந்துவிட்டு ஜின்னுக்குப் போனால் பைன் மர வாசனை முகத்தில் வந்து மோதும். வோட்காவையும் குளிரவைக்காமல் கேளுங்கள், கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் செய்தவை வாய்க்குள் வேறு வேறாக உட்காருவது அப்போதுதான் தெரியும். சீன பைஜியு, ஜப்பானிய ஷோச்சு போன்றவற்றை அவற்றின் இனத்துக்குள்ளேயே ஒப்பிடுங்கள். ஷோச்சு பெரும்பாலும் 25% அளவில் வருவது, அதை 45% விஸ்கிக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீராகத்தான் தெரியும்.

5. வரிசை

லேசானது முதலில், கனமானது கடைசியில். ஆல்கஹால் குறைந்தது முன்னால், கூடியது பின்னால். முதிராதது முன், முதிர்ந்தது பின். புகை எப்போதும் கடைசி, ஏனென்றால் அது வாயில் குடியேறிவிடும். இனிப்பு சேர்த்த ரம்மையும் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்குப் பின் வருவதெல்லாம் கைப்பாகத் தெரியும்.

6. நிறம்

சீக்கிரம் கடந்துவிடுங்கள். ஸ்காட்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு, ரம்மிலும் பிராந்தியிலும் அது பரவலான பழக்கம். அடர்ந்த நிறத்தைப் பார்த்து முதிர்ந்தது என்று நம்பினால் நாக்கு அதற்கேற்பவே சாட்சி சொல்லும்.

7. மூக்கு

ஊற்றிய பிறகு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். ஒயினைச் சுழற்றுவதுபோல் சுழற்ற வேண்டாம். 40% ஆல்கஹால் கிளம்பி வந்து மூக்கை மரக்கச் செய்துவிடும். கிளாஸை முதலில் மோவாய்க்கு நேராகப் பிடியுங்கள். அந்தத் தூரத்திலேயே ஏதாவது வருகிறதா? பிறகு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கால் குட்டிக் குட்டியாக முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆவி முழுவதும் மூக்கில் அடைத்துக்கொள்ளாது. நீளமாக இழுத்து முகர்ந்தால் எரிச்சல் ஒன்றே மிஞ்சும்.

1-ஐ இரண்டு நொடி, 2-ஐ இரண்டு நொடி, மறுபடி 1. ஒன்றில் நீண்ட நேரம் நிற்காதீர்கள். ஒரே வாசனையில் நின்றால் மூக்கு அதற்குப் பழகி உணர்வதை நிறுத்திவிடும். அலுத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையையோ முழங்கை மடிப்பையோ முகருங்கள். உங்கள் உடல் வாசனைக்கு மூக்கு ஏற்கெனவே பழகியிருப்பதால் அது இளைப்பாறும் இடமாகிறது.

என்ன வாசனை என்று சொல் வராமல் திணறினால் பெரிய கேள்வியிலிருந்து சின்னதுக்கு வாருங்கள். பழமா, பச்சிலையா, மரமா, புகையா? பழம் என்றால் புளிப்பான பழமா, கனிந்த பழமா, உலர்ந்ததா? இவை கற்பனை அல்ல. வாழைப்பழ வாசனை நொதித்தலில் உருவாகும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரால் (ஒருவகை வேதிச் சேர்மம்) வருவது. வாழைப்பழத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது. வெனிலா வாசனை ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து தரும் வெனிலின். கிராம்பு வாசனை யூஜினால், அதுவும் ஓக்கில் உண்டு. புகைக்குக் குவையகால். ஜூனிபரின் பைன் வாசனைக்குப் பைனீன். "எனக்கு வாழைப்பழம் வாசனை வருது" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். உண்மையிலேயே அது அங்கே இருக்கிறது.

8. வாய்

முதல் மிடறை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு மட்டும். வெப்பத்தையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் ஒரு ஏற்பி நம் வாயில் இருக்கிறது. வழக்கமாகச் சுமார் 42 டிகிரி செல்சியஸில் தூண்டப்படும் அது, ஆல்கஹால் பட்டால் சுமார் 34 டிகிரியிலேயே தூண்டப்படும். வாயின் வெப்பமே அதைவிட அதிகம். அதனால்தான் குளிர்ந்த மதுவும் சுடுவதுபோல் எரிகிறது. இரண்டாவது மிடறில் அந்த எரிச்சலுக்கு வாய் ஓரளவு ஈடுகொடுக்கும்.

இரண்டாவது மிடறு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்கட்டும். மெல்லுவதுபோல் அசைத்து நாக்கின் எல்லாப் பக்கமும் படரவிட்டுப் பத்து நொடி வைத்திருங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை மெல்ல விடுங்கள். இந்த மூச்சில்தான் பாதி விஷயம் இருக்கிறது, தொண்டைக்குழியிலிருந்து வாசனை மேலேறி மூக்கைப் பின்பக்கமாகத் தொடும்.

மூன்றைக் கவனியுங்கள். நாக்கில் பட்டதும் முதலில் வந்தது என்ன: இனிப்பா, கைப்பா, உப்புச் சாயலா? நடுவில் எப்படி இருந்தது: எண்ணெய்போல் வழுக்கியதா, மெல்லியதா, துவர்ப்பாக இழுத்ததா? விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நின்றது, எந்தச் சுவையாக நின்றது? ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர் குடித்துச் சில நிமிடம் விடுங்கள். உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ போதும். காரமான தட்டு எதுவும் இப்போது வேண்டாம்.

'ஸ்மூத்' என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குக் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். எரியவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆல்கஹாலைக் குறைத்தாலோ சர்க்கரை சேர்த்தாலோ எதுவும் ஸ்மூத்தாகிவிடும். எரிவது ஒரு குறையும் அல்ல. 55% உள்ள நல்ல மது எரிந்துகொண்டே ஆயிரம் விஷயம் சொல்லும்.

9. தண்ணீர்

ராவாகக் குடிப்பதுதான் கெத்து என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் சுவைத்தவர் அந்த மதுவைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பேன். பிளெண்டர்கள் முகரும்போது தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலை 20% வரைகூட இறக்குவதுண்டு.

ஸ்ட்ராவைத் தண்ணீரில் ஒரு விரற்கடை முக்கி, மேல்வாயை விரலால் அடைத்துக்கொண்டு வெளியே எடுங்கள். கிளாஸுக்கு மேல் கொண்டுவந்து விரலைச் சற்றே தளர்த்தினால் ஒரு சொட்டு விழும். விழுந்த இடத்தில் எண்ணெய்க் கோடுகள்போல் நெளிவது கண்ணுக்குத் தெரியும். அரை நிமிடம் பொறுத்து முகருங்கள். நெடி இறங்கி, அதுவரை ஒளிந்திருந்த பழமோ பூவோ மேலே வரும். இன்னும் இரண்டு சொட்டு, மறுபடி முகருங்கள். ஏதோ ஒரு புள்ளியில் வாசனை விரிவதை நிறுத்தி, நீர்த்துப்போக ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய சொட்டோடு நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளி ஒவ்வொரு மதுவுக்கும் வேறு, அதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு இந்த முழு வேலையிலும் பெரிய சந்தோஷம்.

இதன் காரணத்தை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017-இல் கணினி உருவகத்தில் ஆராய்ந்தார்கள். புகைவாசனை தரும் குவையகால் மூலக்கூறுகளை ஆல்கஹால் சூழ்ந்துகொள்ளும். 59%க்கு மேல் இருக்கும்போது அவை திரவத்துக்குள் அமுங்கிக் கிடக்கின்றன. 45% வரை இறக்கினால் ஆல்கஹாலோடு சேர்ந்து அவையும் மேற்பரப்புக்கு வருகின்றன. மேற்பரப்பில் இருப்பதுதானே மூக்குக்கு எட்டும்?

சில விஸ்கிகள் தண்ணீர் பட்டதும் கலங்கும். பதற வேண்டாம். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத விஸ்கியில் 46%க்குக் கீழே இறங்கும்போது கொழுப்பு அமில எஸ்டர்கள் திரண்டு மங்கலாகத் தெரிவதுண்டு. அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

மூன்று கிளாஸிலும் ஆல்கஹால் அளவு வேறு வேறாக இருந்தால், கூடுதலாக இருப்பதில் தண்ணீர் சேர்த்து ஏறத்தாழச் சமமாக்கிய பிறகே இறுதி ஒப்பீட்டைச் செய்யுங்கள். 15 மி.லி. 60% மதுவை 45%க்குக் கொண்டுவர 5 மி.லி. தண்ணீர், அதாவது ஒரு தேக்கரண்டி. ஐஸ் எல்லாம் முடிந்த பிறகு. குளிர்ச்சி வாசனையையும் இனிப்பையும் அடக்கிவிடும்.

10. எழுதுங்கள்

போனில் எழுதினாலும் சரி. பெயர், ஆல்கஹால் அளவு, மூக்கு, வாய், நின்ற நேரம், தண்ணீர் சேர்த்தபின், அவ்வளவுதான். உதாரணத்துக்கு: "ரெப்போசாடோ, 40%. தேன், எலுமிச்சைத் தோல், அடியில் பச்சைத்தண்டு. வாயில் மிளகு, நடுவில் மெலிந்துவிட்டது. சீக்கிரம் மறைந்தது. மூன்று சொட்டில் பூ வாசனை." பாட்டில் அட்டையில் உள்ள வர்ணனையை எழுதி முடிக்கும்வரை படிக்காதீர்கள். 'செர்ரி' என்று படித்துவிட்டால் செர்ரியைத் தவிர வேறெதுவும் தெரியாது. உங்கள் வாழ்க்கையில் முகர்ந்த பொருள்களின் பெயரையே போடுங்கள், புதுப்புத்தக வாசனை, நனைந்த சிமென்ட், பழைய மரப்பெட்டி, எதுவானாலும். கடைசியில் ஒப்பீட்டு வரி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்: "2, 1-ஐவிட இனிப்பு, 3, 2-ஐவிட நீளம்." பிறகு படிக்கும்போது இந்த வரிதான் உதவும்.

11. கண்ணைக் கட்டிக்கொண்டு

இதைப் பழகிய பிறகு, நண்பரோடு போகும்போது முக்கோணச் சோதனை செய்து பாருங்கள். மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே மது, ஒன்றில் வேறு. எதில் எது என்று நண்பருக்கும் பார்டெண்டருக்கும் மட்டும் தெரியும். தனித்து நிற்பது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், எனவே ஒரு தடவை சரியாகச் சொன்னதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வேறு நாட்களில் மறுபடி செய்யுங்கள். விலை கூடிய 18 வருடத்தையும் அதே ஆலையின் 12 வருடத்தையும் இப்படிச் சோதித்தால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது நேர்மையாகத் தெரியும். 18-ஐவிட 12 பிடித்திருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மரத்தில் அதிகக் காலம் இருந்த மதுவில் மரத்தின் துவர்ப்பே மேலோங்கி நிற்பதுண்டு.

12. முடித்த பிறகு

கிளாஸ்களை உடனே எடுத்துப்போக விடாதீர்கள். காலியானதைப் பத்து நிமிடம் உலரவிட்டு முகருங்கள். ஆல்கஹால் பறந்துபோய், எளிதில் ஆவியாகாத வாசனைகள் மட்டும் ஒட்டியிருக்கும்: மரம், புகை, கருகிய சர்க்கரை. பீட் விஸ்கியின் காலி கிளாஸ் அது நிரம்பியிருந்தபோது சொல்லாததைச் சொல்லும். அதையும் குறிப்பில் சேருங்கள். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடியுங்கள், சாப்பிடுங்கள்.

அடுத்த அமர்வைத் திட்டமிடும்போது, இன்று பிடித்ததில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதை நிறுத்துங்கள். ரெப்போசாடோ பிடித்திருந்தால் அடுத்து அதோடு வேறொரு தயாரிப்பாளரின் ரெப்போசாடோ. அதில் எந்த மரப்பீப்பாய் பயன்படுத்தினார்கள் என்று பார்டெண்டரிடம் கேளுங்கள். போர்பன் இருந்த பீப்பாய் என்று பதில் வந்தால், மூன்றாவது கிளாஸில் ஒரு போர்பனை ஊற்றச் சொல்லுங்கள்.